மகனுக்கு ஒரு கட்டுப்பாடு, மகளுக்கு ஒரு கட்டுப்பாடா?

கேள்வி: எங்களுக்கு ஒரு மகள், ஒரு மகன். இருவரையும் ஒரே மாதிரிதான் வளர்க்கிறோம் என்று நானும் என் கணவரும் நம்புகிறோம். ஆனால் 15 வயது மகள், "இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் கட்டுப்பாடு" என்று சொல்லி அழுகிறாள். பிள்ளை ஆணா பெண்ணா என்று பார்த்துத்தான் பெற்றோர் கட்டுப்படுத்துகிறார்களா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பதில்: ஆய்வாளர்கள் அளந்து பார்த்த வரையில், பெற்றோர் மகன்மீதும் மகள்மீதும் செலுத்தும் கட்டுப்பாட்டின் அளவில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. ஆகவே நீங்கள் நம்புவது தவறில்லை. உங்கள் மகள் சொல்வதும் பொய்யில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் இந்த விஷயத்தின் முடிச்சு. அதை அவிழ்க்கக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

"கட்டுப்பாடு" என்ற ஒரே சொல்லுக்குள் பல சங்கதிகளைப் போட்டு அடைத்துவிடுகிறோம். "இரவு 8 மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும்", "வீட்டுப்பாடம் முடித்த பிறகுதான் விளையாட்டு" என்பதெல்லாம் நடத்தைக் கட்டுப்பாடு. எல்லை எது என்று பிள்ளைக்குத் தெரியும், மீறினால் என்ன நடக்கும் என்றும் தெரியும். "நீ இப்படிச் செய்தால் அம்மா உயிரோடவே இருக்க மாட்டேன்" என்பது, இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது, "இதெல்லாம் ஒரு வருத்தமா" என்று பிள்ளையின் உணர்ச்சியையே தட்டிக்கழிப்பது, இவை வேறு வகை. இவை மனத்தைப் பிடித்து ஆட்டுபவை. அமெரிக்க ஆய்வாளர் பிரையன் பார்பர் 1996-ல் இந்த இரண்டையும் தனித்தனியாக அளந்து காட்டினார். நடத்தைக்கு எல்லையே வைக்காத வீடுகளில் அடிதடி, விதிமீறல் போன்ற வெளியே தெரியும் சிக்கல்கள் கூடுகின்றன. மனத்தைப் பிடித்து ஆட்டும் வீடுகளில் பிள்ளைகளின் உள்ளே சோர்வும் மன அழுத்தமும் கூடுகின்றன. மூன்றாவதாக ஒன்று உண்டு, அது கட்டுப்பாட்டுக்கு நேர் எதிரானது போலத் தோன்றும்: காரணத்தைச் சொல்லிப் புரியவைப்பது, இரண்டு வழிகளைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்வது, தடுமாறினாலும் தானே செய்து பார்க்க விடுவது. இதைத் தன்னாட்சிக்கு இடம் கொடுத்தல் என்று சொல்லலாம். எல்லை வைத்துக்கொண்டே இதையும் செய்யலாம். அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960-களிலேயே பிரித்துக் காட்டிய பெற்றோர் வகைகளில் நல்ல பலன் தந்தது இப்படிக் கண்டிப்பும் கனிவும் சேர்ந்த வகைதான்.

இனி எண்களுக்கு வருவோம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எலினோர் மெக்கோபியும் கேரல் ஜாக்லினும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 1974-ல் ஒரு முடிவு சொன்னார்கள்: ஆண் குழந்தைகளையும் பெண் குழந்தைகளையும் பெற்றோர் நடத்தும் விதத்தில் எதிர்பார்த்த அளவு வேறுபாடு தென்படவில்லை. பலருக்கு அது அதிர்ச்சி. நீங்கள் பார்த்ததெல்லாம் சின்னக் குழந்தைகளை, அதுவும் பெரும்பாலும் தாயோடு இருக்கும்போது என்று ஜீன் பிளாக் என்ற உளவியலாளர் மறுத்தார். 1991-ல் கனடாவின் ஹியூ லிட்டனும் டேவிட் ராம்னியும் 172 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தார்கள். வட அமெரிக்க ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்த வேறுபாடு ஒன்றே ஒன்று: பையனைப் பையனுக்கான விளையாட்டுக்கும் பெண்ணைப் பெண்ணுக்கான விளையாட்டுக்கும் தூண்டிவிடுவது. பிற மேற்கத்திய நாடுகளில் பையன்கள் கூடுதலாக அடி வாங்கினார்கள்.

இன்னொரு பெரிய கணக்கு 2016-ல் நெதர்லாந்திலிருந்து வந்தது. ஜாய்ஸ் எண்டென்டைக்கும் உடன் ஆய்வாளர்களும் 126 ஆய்வுகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லாமே பெற்றோரைக் கேட்டு எழுதியவை அல்லாமல், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்திருக்கும்போது நேரில் கவனித்துக் குறித்தவை. மொத்தம் 15,034 குடும்பங்கள், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை. பெற்றோர் பையன்களைத்தான் சற்றே கூடுதலாகக் கட்டுப்படுத்தினார்கள் என்று முடிவு வந்தது. ஆனால் அந்தச் "சற்றே" எவ்வளவு தெரியுமா? புள்ளியியல் அளவையில் 0.08. எளிமையாகச் சொன்னால், ஏதோ ஒரு பையனையும் ஏதோ ஒரு பெண்ணையும் 100 முறை எடுத்து ஒப்பிட்டால், ஏறத்தாழ 52 முறை பையன் கூடுதலாகக் கட்டுப்படுத்தப்பட்டிருப்பான், 48 முறை பெண். காசைச் சுண்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. தன்னாட்சிக்கு இடம் கொடுப்பதில் வேறுபாடு அதைவிடக் குறைவு, 0.03. அந்த ஆய்வில் இன்னொன்றும் கிடைத்தது. 1970-களிலும் 1980-களிலும் வெளியான ஆய்வுகளில் பையன்களுக்குத்தான் தன்னாட்சி கூடுதலாகக் கிடைத்தது. 1990-க்குப் பிந்தைய ஆய்வுகளில் அது பெண்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. பெற்றோர் மாறுகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் உங்கள் மகள் ஏன் அழுகிறாள்?

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்துக்கு ஆலோசகராக உட்கார்ந்தேன். மூத்தவள் பெண், அடுத்தவன் பையன், இருவரும் உயர்நிலைப் பள்ளியில். பெற்றோர் நல்லவர்கள், படித்தவர்கள், பிள்ளைகள்மீது உயிரையே வைத்திருந்தவர்கள். உங்களைப் போலவே "இரண்டு பேரும் எங்களுக்கு ஒன்றுதான்" என்றார்கள். ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து, வீட்டில் உங்களுக்கு என்னென்ன கூடாது என்று எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். பையன் எழுதியவை: பள்ளியில் யாரையும் அடிக்கக் கூடாது, இரவில் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு விளையாடக் கூடாது, சைக்கிளை வெளியே விட்டுவிட்டு வரக் கூடாது, அக்காவைக் கெட்ட வார்த்தை சொல்லக் கூடாது. பெண் எழுதியவை: இருட்டிய பிறகு வெளியே போகக் கூடாது, பையன்களுக்குத் தன் எண்ணைக் கொடுக்கக் கூடாது, தோழி வீட்டில் தங்கக் கூடாது, கதவைத் தாழிட்டுக்கொண்டு போனில் பேசக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது.

எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. பையனுடைய தாளில் இருந்ததெல்லாம் அவன் ஏற்கெனவே செய்து மாட்டிக்கொண்டவை. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு சம்பவம் இருந்தது. அக்காவின் தாளில் இருந்தவற்றில் சிரிப்பைத் தவிர ஒன்றைக்கூட அவள் செய்ததில்லை. எதுவுமே நடக்கவில்லை. நடந்துவிடுமோ என்பதற்காக வைத்த விதிகள். தந்தையிடம் காட்டினேன், அவர் வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து ஆய்வுகளை வேறு கண்ணோடு படிக்கிறேன். மகனைச் செய்த பிறகு கண்டிக்கிறோம், மகளைச் செய்வதற்கு முன்பே தடுக்கிறோம். ஒரு கூடத்தில் தாயையும் பிள்ளையையும் கால் மணி நேரம் விளையாட வைத்துக் குறிப்பெடுத்தால், "வேண்டாம், தொடாதே, இங்கே வா" என்பவை எண்ணிக்கையில் ஏறும். கொஞ்சம் துறுதுறுப்பான பிள்ளைக்கு அது கூடுதலாக விழும். ஆனால் இந்த மாலை அந்தப் பெண் எங்கே போகவில்லை, எதைக் கேட்காமலே விட்டுவிட்டாள் என்பது எந்தக் கவனிப்பாளரின் தாளிலும் ஏறாது. கேட்கும் முன்பே மறுக்கப்பட்ட ஒன்றை எப்படி எண்ணுவது?

கூர்ந்து கேட்டால் பேச்சிலேயே இது தெரியும். உங்கள் வீட்டில் ஒரு வாரம் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். மகன் செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மா, வெளியே போயிட்டு வர்றேன்" என்பான். பாதி வாக்கியம் வாசலில், மீதி தெருவில். மகள் உள்ளே வந்து, உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு, "அம்மா, நான் போயிட்டு வரட்டுமா?" என்பாள். அவன் தகவல் சொல்கிறான், அவள் அனுமதி கேட்கிறாள். இந்த "வரட்டுமா"வை யாரும் அவளுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. எத்தனை முறை "எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு" என்று கேட்கப்பட்டோம் என்பதிலிருந்து அவளே கற்றுக்கொண்டது அது. நீங்கள் அனுமதி கொடுத்தாலும், கேட்க வேண்டியவள் தான் என்ற உணர்வு அவளுக்குள் இருந்துகொண்டே இருக்கும். "எனக்கு மட்டும்" என்று அவள் அழுவதில் பெரும் பங்கு இதுவாக இருக்கலாம்.

முன்கூட்டித் தடுப்பது எந்த வயதில் தொடங்குகிறது? நடக்கத் தொடங்குவதற்கு முன்பே. 2000-ல் வெளியான ஒரு சோதனை இதைத் துல்லியமாகக் காட்டியது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃபும் உடன் இருந்தவர்களும் 11 மாதக் குழந்தைகளுக்காக ஒரு சரிவுப் பாதை அமைத்தார்கள். அதன் சாய்வைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். "உங்கள் குழந்தை எவ்வளவு செங்குத்தான சரிவில் தவழ்ந்து இறங்கும்?" என்று முதலில் தாய்மார்களைக் கேட்டார்கள். பிறகு குழந்தைகளை விட்டுப் பார்த்தார்கள். ஆண் குழந்தைகளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் திறமையில் வேறுபாடே இல்லை. ஆனால் மகன்களின் தாய்மார்கள் உள்ளதைவிடக் கூட்டிச் சொல்லியிருந்தார்கள், மகள்களின் தாய்மார்கள் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். பாருங்கள், இங்கே யாரும் யாரையும் திட்டவில்லை, தடுக்கவுமில்லை. "இவளால் முடியாது" என்ற மதிப்பீடு மட்டும்தான் தாயின் மனத்தில் இருந்தது. அந்த மதிப்பீடுதான் பிறகு படியில் கைபிடிக்க வைக்கிறது, மரத்திலிருந்து இறங்கச் சொல்கிறது, தனியாகப் போகாதே என்கிறது. அமெரிக்காவில் ஒரு சிற்றூர்க் குழந்தைகளோடு 1970-களில் நெடுநாள் சுற்றித் திரிந்து ஆராய்ந்த ரோஜர் ஹார்ட், எந்தப் பிள்ளை வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் போக அனுமதி இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்தார். பையன்களின் வட்டம் பெரியது, பெண்களின் வட்டம் சிறியது.

நேரமும் அப்படித்தான். யுனிசெஃப் 2016-ல் வெளியிட்ட கணக்குப்படி, உலக அளவில் 5 முதல் 14 வயது வரையுள்ள பெண் குழந்தைகள் வீட்டு வேலைக்கும் தண்ணீர், விறகு கொண்டுவருவதற்கும் அதே வயதுப் பையன்களைவிட 40 சதவீதம் கூடுதலான நேரம் செலவிடுகிறார்கள். இதை யாரும் கட்டுப்பாடு என்று சொல்வதில்லை, பழக்கம் என்றும் பொறுப்பு என்றும் சொல்கிறோம். ஆனால் ஒரு பிள்ளையின் மாலை நேரம் யாருடைய கையில் இருக்கிறது என்பதைவிடப் பெரிய கட்டுப்பாடு எது?

இதையெல்லாம் படித்து மகன்கள் ராஜாவாக வளர்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களுடைய வேலி வேறு இடத்தில் இருக்கிறது. எமிலி கேன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளின் பெற்றோர் 42 பேரிடம் பேசி 2006-ல் எழுதினார். மகள் கார் பொம்மை கேட்டால், பந்து விளையாடினால், பெற்றோர் மகிழ்ந்தார்கள். பெருமைப்பட்டார்கள்கூட. மகன் சமையல் பொம்மை வைத்து விளையாடுவதையும் பலர் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அவன் நகச்சாயம் பூசிக்கொண்டால், பாவாடை கட்டிப் பார்த்தால், எளிதில் அழுதால், அங்கே கோடு போட்டுவிட்டார்கள். தந்தையர் இதில் இன்னும் இறுக்கமாக இருந்தார்கள். மகளுக்குத் திறந்துவிட்ட கதவு மகனுக்குச் சாத்தியே கிடக்கிறது. "ஆம்பளைப் பையன் அழலாமா" என்ற ஒரு வரி எத்தனை வீட்டில் எத்தனை ஆயிரம் முறை சொல்லப்படுகிறது என்று நினைத்துப் பாருங்கள். அதைச் சொல்பவர் தான் ஒரு கட்டுப்பாடு விதித்ததாக நினைப்பதே இல்லை. வெளியே எங்கு வேண்டுமானாலும் போகலாம், உள்ளே சில அறைகளுக்குள் போகக் கூடாது என்று அந்தப் பையனுக்குச் சொல்லிவிட்டோம்.

பையன்மீது கை வைக்கும் பழக்கத்தையும் பேசியாக வேண்டும். மேலே சொன்ன எண்டென்டைக்கின் குழு, 3 வயதுக் குழந்தை உள்ள 299 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து 2017-ல் எழுதியது என்னை மிகவும் யோசிக்க வைத்தது. பிடித்து இழுப்பது, அழுத்தி உட்கார வைப்பது போன்ற உடல்வழிக் கட்டுப்பாட்டைக் குறித்தார்கள். தாய்மார்கள் மகள்களைவிட மகன்களிடம் அதைக் கூடுதலாகச் செய்தார்கள். ஆண் இப்படி, பெண் இப்படி என்ற பழைய எண்ணம் வலுவாக இருந்த தந்தையரும் அப்படியே. அதற்கு நேர்மாறான எண்ணம் வலுவாக இருந்த தந்தையர் மகள்களிடம் கூடுதலாகச் செய்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இப்படி ஏதோ ஒரு பக்கம் உறுதியான எண்ணம் கொண்ட தந்தையரின் வீடுகளில், பையன்களுக்கும் பெண்களுக்கும் முரட்டுத்தனத்தில் தெரிந்த வேறுபாட்டைத் தந்தை நடத்திய விதமே முழுமையாக விளக்கியது. "பையன் என்றால் முரடாகத்தான் இருப்பான்" என்கிறோமே, அதில் ஒரு பங்கை நம் கையாலேயே ஊட்டுகிறோம்.

எல்லாவற்றையும் பெற்றோர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. பிள்ளையும் பெற்றோரை வளைக்கிறது என்பதை உளவியலாளர் ரிச்சர்ட் பெல் 1968-லேயே எடுத்துச் சொன்னார். சிறு வயதில் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் திறன், காத்திருக்கும் திறன், சராசரியாகப் பெண் குழந்தைகளிடம் தெளிவாகவே கூடுதல் என்று மனப்பாங்கு பற்றிய தொகுப்பாய்வுகள் காட்டியுள்ளன. ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு "நில்" என்ற சொல் கூடுதலாக விழத்தான் செய்யும். ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் விவரித்த சுழற்சி பெரும்பாலான பெற்றோருக்குப் பழக்கமானதுதான்: அம்மா ஒன்றைச் செய்யச் சொல்கிறார், பிள்ளை கத்துகிறது, அம்மா குரலை உயர்த்துகிறார், பிள்ளை இன்னும் கத்துகிறது, அம்மா சலித்துப்போய் விட்டுவிடுகிறார். கத்தினால் காரியம் நடக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை அம்மா முதலிலேயே உரத்த குரலில் தொடங்குகிறார். இந்தச் சுழலில் சிக்கிய மகனுடைய வீட்டில் கட்டுப்பாடு என்பதே சண்டைதான். அமைதியாக இருக்கும் மகள் அங்கே யார் கண்ணிலும் படுவதில்லை. அவளுக்கு "நல்ல பிள்ளை" என்ற பட்டம் கிடைக்கிறது, அந்தப் பட்டத்தைக் காப்பாற்றுவதே அவளுக்கு ஒரு வேலையாகிவிடுகிறது.

மகளைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு ஏன் பெரும்பாலும் தாயின் தலையில் விழுகிறது என்று நீங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா? கனடாவில் பணிபுரிந்த சமூகவியலாளர் ஜான் ஹேகன் 1980-களில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். வேலையிடத்தில் தந்தைக்கு அதிகாரமும் தாய்க்கு அது இல்லாமலும் இருக்கும் வீடுகளில், பிள்ளைகளைக் கண்காணிக்கும் வேலை தாயிடம் ஒப்படைக்கப்படுகிறது. தாய் அந்தக் கண்காணிப்பை மகனைவிட மகள்மீது கூடுதலாகச் செலுத்துகிறாள். கட்டுப்பாட்டின் கருவியும் பெண், அதைத் தாங்குபவளும் பெண் என்பது அவர் வாதத்தின் சாரம். இருவருக்கும் ஒத்த நிலை உள்ள வீடுகளில் மகனும் மகளும் நடத்தப்படும் விதத்தில் இடைவெளி குறைகிறது என்றார். பின்னால் வந்த ஆய்வுகள் சிலவற்றில் இது பொருந்தியது, சிலவற்றில் பொருந்தவில்லை. ஆனால் மகளோடு சண்டை போடுபவர் எப்போதும் அம்மாவாகவும், "ஏன் அவளைப் போட்டு இப்படி" என்று கேட்பவர் எப்போதும் அப்பாவாகவும் இருக்கும் வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஹேகன் நினைவுக்கு வருவார். விதி இருவருடையது. அதைச் சொல்லும் வாய் மட்டும் அம்மாவுடையது. உங்கள் வீட்டிலும் அப்படியிருந்தால், உங்கள் கணவர் இதில் முன்னால் வந்து நிற்க வேண்டும்.

இந்த இடத்தில் எல்லாப் பெற்றோரும் ஒன்றைச் சொல்வார்கள், நீங்களும் சொல்வீர்கள்: "வெளி உலகம் பெண் பிள்ளைக்கு ஆபத்தானது, நாங்கள் என்ன செய்ய?" அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பாலியல் வன்முறையின் ஆபத்து பெண் குழந்தைகளுக்கு அதிகம், அது உண்மை. ஆனால் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பாருங்கள். அந்த வன்முறையில் பெரும்பகுதி முன்பின் தெரியாதவரால் நடப்பதில்லை, பிள்ளைக்குத் தெரிந்தவராலேயே நடக்கிறது. வீட்டுக்குள் இருத்துவதால் மட்டும் அது விலகிவிடாது. ஏதாவது நடந்தால் பயப்படாமல் உங்களிடம் வந்து சொல்லும் துணிச்சல்தான் அவளுக்குப் பெரிய காவல். "ஏன் அங்கே போனாய்" என்று முதலில் திட்டு விழும் என்று தெரிந்த பிள்ளை வாயைத் திறக்காது. இன்னொன்று, ஆபத்து மகனுக்கும் இருக்கிறது, நாம்தான் அதைக் கண்டுகொள்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சாலை விபத்துகளில் 25 வயதுக்கு உட்பட்ட ஆண்கள் இறப்பது, அதே வயதுப் பெண்கள் இறப்பதைப் போல ஏறத்தாழ 3 மடங்கு. இரவு எத்தனை மணிக்கு வந்தான், யாருடைய வண்டியில் வந்தான், ஓட்டியவர் குடித்திருந்தாரா என்று மகனிடம் கேட்பவர்கள் எத்தனை பேர்? ஆபத்தைப் பார்த்துத்தான் விதி வைக்கிறோம் என்பது முழு உண்மையாக இருந்தால், மகனுடைய தாளில் இந்த வரிகளும் இருந்திருக்க வேண்டும்.

கண்காணிப்பைப் பற்றி நான் மதிக்கும் ஒரு ஆய்வு உண்டு. ஹோக்கன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெரும் சுவீடனில் 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்து 2000-ல் எழுதினார்கள். பிள்ளை எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான் என்று தெரிந்து வைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் குறைவாகவே தவறான வழிக்குப் போகிறார்கள் என்று அதுவரை மற்ற ஆய்வாளர்கள் சொல்லிவந்தார்கள். அதிலிருந்து "நன்றாகக் கண்காணியுங்கள்" என்று அறிவுரையும் வழங்கிவந்தார்கள். இவர்கள் ஒரு எளிய கேள்வியைக் கேட்டார்கள்: அந்தப் பெற்றோருக்கு அது எப்படித் தெரிந்தது? துருவித் துருவிக் கேட்டதாலா, விதி வைத்ததாலா? பெரும்பகுதி பிள்ளை தானாக வந்து சொன்னதால் தெரிந்தது. கண்காணிப்பு என்று நாம் பெயர் வைத்திருந்தது உண்மையில் பிள்ளையின் நம்பிக்கை. தன்னைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்ற உணர்வு மிகுந்த பிள்ளைகளின் நிலை நல்லதாக இல்லை.

உங்கள் மகள் அழுதுகொண்டே வந்து உங்களிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லும் வழி இன்னும் அடைபடவில்லை. ஆகவே "உனக்கும் தம்பிக்கும் ஒன்றுதான்" என்று முதல் வாயிலேயே மறுத்துவிடாதீர்கள். எண்ணிக்கையில் நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம், ஆனால் அவள் எண்ணிக்கையைப் பற்றிப் பேசவில்லை.

நான் அந்தக் குடும்பத்துக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இரு பிள்ளைகளிடமும் தாளைக் கொடுங்கள். தங்களுக்கு எது கூடாது என்பதை அவர்கள் எழுதட்டும். நீங்களும் உங்கள் கணவரும் தனித்தனியாக, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், எந்தப் பிள்ளைக்கு எது கூடாது என்று எழுதுங்கள். பிறகு நான்கு தாள்களையும் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் இரண்டே கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: இந்த விதி வந்ததற்கு என்ன சம்பவம் காரணம்? இது மற்றப் பிள்ளைக்கு ஏன் இல்லை? சம்பவமும் இல்லாமல், மற்றப் பிள்ளைக்கும் இல்லாமல் நிற்கும் விதிகளை மட்டும் வட்டமிடுங்கள். வட்டமிட்ட எல்லாவற்றையும் நீக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிலவற்றுக்கு நியாயமான காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை அவளுக்கு முழுதாகச் சொல்லிவிடுங்கள், "பெண் பிள்ளை அல்லவா" என்பதோடு நிறுத்திவிடாமல். எதைக் கண்டு பயப்படுகிறீர்கள், எத்தனை வயதில் இந்த விதி தளரும், தளர அவள் என்ன செய்து காட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். 15 வயதுப் பிள்ளைக்கு இது புரியும். புரிந்த விதியை ஏற்றுக்கொள்வதற்கும், புரியாத விதிக்குள் அடைந்து கிடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவள் முகத்திலேயே பார்ப்பீர்கள்.

மகனுடைய தாளையும் விட்டுவிடாதீர்கள். அதில் எழுதப்படாமல் விட்டவற்றைத் தேடுங்கள். வருத்தமாக இருக்கிறது என்று அவன் கடைசியாக எப்போது சொன்னான்? வீட்டு வேலையில் அவனுடைய பங்கு எது? எங்கே போகிறான் என்று அவனிடம் யார் கேட்கிறார்கள்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் தீர்க்கப் பார்க்க வேண்டாம், சண்டையில்தான் முடியும். வெளியே போய்வரும் விதி ஒன்றை மட்டும் இந்த வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். வயதுக்கு ஏற்ப ஒரு நேரம் முடிவு செய்யுங்கள். மகளுக்கு இன்று 15 வயதில் என்ன நேரமோ, மகனுக்கு 15 ஆகும்போதும் அதே நேரம். எங்கே, யாரோடு, எப்போது திரும்புவது என்பதை இருவருமே சொல்லிவிட்டுப் போக வேண்டும். தாமதமானால் இருவரும் போன் செய்ய வேண்டும். தாமதமாக வந்தால் இருவருக்கும் ஒரே விளைவு, அதை அறிவிப்பவர் இந்த முறை அப்பாவாக இருக்கட்டும்.